கரிமூட்டத்தில் விறகு எங்கே காணாமல் போகிறது?

செனகலில் 100 கிலோ விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்று அதிகம் புகாமல் எரியவிட்டு மூட்டம் போட்டால் 15 கிலோ கரி தேறுவதே பாடு, ஏன் என்பது கேள்வி. முதல் காரணம் ஈரம். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான்; அதை ஆவியாக்கும் சூட்டுக்கு மூட்டத்து விறகே எரிந்து தீர்கிறது. வெட்டிச் சில வாரமாவது காயவிட வேண்டும், பெரும்பாலும் காயவிடுவதில்லை.

அடுத்தது காற்று. விறகு கரியாகும்போது மூட்டம் அமுங்கி, மேல்மண் வெடிக்கும். அந்த வெடிப்பை உடனே மண் போட்டு அடைக்காவிட்டால் விடிவதற்குள் உள்ளே கரி சாம்பலாகிவிடும். புகையைப் பார்த்தே நிலை தெரியும்: அடர்ந்த வெள்ளைப் புகை என்றால் நீராவி, மெல்லிய நீலமானால் காற்றுவழியை மூடும் நேரம்.

செனகலிலேயே உருவான காசமான்ஸ் வகை மூட்டத்தில் எண்ணெய் டிரம்களை ஒட்டவைத்த புகைபோக்கியைப் பக்கவாட்டில் நிறுத்துவார்கள். புகை மேலே தப்பாமல் கீழிறங்கி, விறகுக்குள் சுற்றி வெளியேறும். காய்ந்த விறகும் தேர்ந்த கையும் இருந்தால் 25 கிலோவுக்கு மேல் தேறும். ஆனால் புகைபோக்கிக்குக் காசு வேண்டும், கனம் வேறு. மரம் இருக்கும் இடம் தேடி அலைகிறவர் அதை எப்படிச் சுமப்பார்?