அம்மாவின் பஸ் கட்டணம்

அன்புள்ள அக்கா,

சேலம் அழகாபுரத்தில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே கணினி வேலை. மனைவியும் வேலைக்குப் போகிறாள். அம்மாவுக்கு 67 வயது, எங்களோடுதான் இருக்கிறார். மளிகைச் சாமான் வாங்குவது அவர் பொறுப்பு. பிடிவாதம் என்றும் சொல்லலாம். தெருமுனையில் மளிகைக் கடை இருக்கிறது. கொஞ்சம் தள்ளி சூப்பர் மார்க்கெட். போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் வாசலுக்கே வந்துவிடுகிறது. அம்மாவோ பழைய பஸ் ஸ்டாண்டு போய், அங்கிருந்து செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குப் போய், பருப்பும் புளியும் வாங்கிச் சுமந்துகொண்டு வருகிறார். முழங்கால் வலி வேறு.

போன மாதம் எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டேன். இருபது சாமான், நான்கு இடம். லீ பஜாரில் வாங்கினால் மாதம் முந்நூறு ரூபாய் போல மிச்சம். அதில் போக வர பஸ் கட்டணத்தைக் கழித்து, அம்மா செலவிடும் நேரத்துக்கு மணிக்கு நூறு ரூபாய் என்று போட்டால் நஷ்டம்தான் வருகிறது. அம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார், எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் பேசவில்லை. "கார் இருக்கிற வீட்டு அம்மா பையைத் தூக்கிட்டு பஸ்ஸுல நிக்கறது நல்லாவா இருக்கு?" என்கிறாள் மனைவி. எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

சிக்கனம் எங்கே முடிகிறது, கஞ்சத்தனம் எங்கே ஆரம்பிக்கிறது? இந்தப் பத்து நிமிட ஆப்களைப் பற்றியும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். பெயரை வெளியிட வேண்டாம். அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

கே.

*

அன்புள்ள கே.,

விலைவாசிக் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. "இந்த விலை விற்கிறதே" என்று நீங்கள் ஒரு பெருமூச்சு விட்டு நான் ஒரு பெருமூச்சு விடுவதால் யாருக்கு என்ன? ஆனால் கொஞ்ச நாளாகவே என் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, நினைப்பாக இருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

ஆப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் கருத்தில்லை. காய்ச்சலில் கிடந்தபோது நானும் ரொட்டி வரவழைத்திருக்கிறேன். கொண்டுவந்த பையன் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். அவ்வளவுதான். சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவே கோடு போடுகிற வேலையைக் குறளுக்கு உரை எழுதுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் அட்டவணைக்கு வருவோம். மெனக்கெட்டிருக்கிறீர்கள், கலரெல்லாம் போட்டிருக்கிறீர்கள். ஆனால் தம்பி, அது தப்பு. நல்லெண்ணெய் வரிசையில் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஒரு லிட்டர் பாக்கெட் விலை, லீ பஜாருக்குச் செக்கு எண்ணெய் கிலோ விலை. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இருக்காது, 910, 920 கிராம்தான் வரும். லிட்டரையும் கிலோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லிட்டர் மலிவு என்று பச்சை அடித்திருக்கிறீர்கள். அரிசியிலும் இதே கூத்து. ஒரு இடத்தில் 25 கிலோ மூட்டை, இன்னொரு இடத்தில் 26 கிலோ. "26 கிலோ, விசித்திரம்" என்று குறிப்பு வேறு. அதில் ஒரு விசித்திரமும் இல்லை. பையில் அடைத்துப் பேர் போட்டு விற்கிற அரிசிக்கு, 25 கிலோ வரை 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று 2022 ஜூலையில் வந்தது. 25-ஐத் தாண்டினால் வரி கிடையாது. ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூடப் போட்டுத் தைத்துவிட்டார்கள். உங்கள் அம்மாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இப்போதெல்லாம் ஒரு கிராம் என்ன விலை, ஒரு கிலோ என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து எழுதியிருந்தாலே பாதித் தப்பு போயிருக்கும்.

அப்புறம், நான்கு இடம் என்றீர்களே, ஐந்தாவது எங்கே? ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. இந்த ஊரிலேயே மலிவான கடை அதுதான், உங்கள் அட்டவணையில் அதற்கு இடமில்லை. அதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எழுதக் கூச்சமாக இருந்திருக்கும். விலையை ஒப்பிட உட்கார்ந்த ஆள், கௌரவம் இடிக்கிற இடத்தில் பேனாவைத் தூக்கிவிட்டால் அது என்ன கணக்கு?

இதெல்லாம் போகட்டும். என்னை உட்கார வைத்தது கடைசி இரண்டு வரிசை. "பஸ் கட்டணம், போக வர" என்று போட்டு ஒரு தொகையைக் கழித்திருக்கிறீர்கள்.

எந்தப் பஸ் கட்டணம்?

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் கொடுப்பது காசில்லாச் சீட்டு. அழகாபுரத்திலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் அங்கிருந்து செவ்வாய்ப்பேட்டைக்கும் உங்கள் அம்மா ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை. இத்தனை வருஷமாக. ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், ஒரே சாம்பாரைச் சாப்பிடுகிறீர்கள். அம்மா பஸ்ஸில் எப்படிப் போகிறார் என்பதுகூட உங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் கடைசியாக டவுன் பஸ் ஏறியது எப்போது? இப்படி ஒரு கணக்கைக் கொண்டுபோய் அந்த அம்மாள் முன்னால் வைத்தால் கண்ணாடியைக் கழற்றாமல் என்ன செய்வார்?

அடுத்த வரிசை இதைவிட மோசம். அம்மாவின் நேரம், மணிக்கு நூறு ரூபாய்.

சரி, போடுவோம். காலையில் எழுந்து உங்களுக்கும் மருமகளுக்கும் டிபன் கட்டுகிற நேரத்துக்கு எவ்வளவு போட்டீர்கள்? மாவு ஆட்டுகிற நேரத்துக்கு? நீங்கள் இருவரும் மீட்டிங்கில் இருக்கும்போது கேஸ்காரன் வருகிறான், துணி தேய்க்கிறவர் வருகிறார், கதவைத் திறக்கிறாரே, அதற்கு? அட்டவணையில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. வீட்டுக்குள் இருக்கிறவரை அம்மாவின் நேரம் ஓசி. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினால் உடனே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடுகிறது. நம் ஊரில் ஆண்பிள்ளைகள் டீக்கடை பெஞ்சில் ஒரு டீயைச் சொல்லிவிட்டுப் பேப்பர் முழுவதையும் படிப்பார்கள், டெண்டர் நோட்டீஸ் வரை. மணிக்கு நூறு ரூபாய் நஷ்டம் என்று எந்த மகனாவது அப்பாவிடம் அட்டவணை நீட்டியிருக்கிறானா?

நான் அம்மாபேட்டைக்காரி. தாத்தாவுக்குக் குழித்தறியில் நெசவு. அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்து தறிக்கான நூலை ராட்டையில் தார் சுற்றுவாள். நாள் பூராவும் அதுதான் வேலை, நடுவே சமையல். வெளியே போக அவளுக்கு மூன்று காரணங்கள்தான் உண்டு. கோவில், சாவு வீடு, கடை. கோவிலுக்கு வீட்டோடு சேர்ந்து போகவேண்டும். சாவு தினம் விழுவதில்லை. மிச்சம் கடை.

கடையும் எங்கள் தெருவிலேயே இருந்தது. நாலு வீடு தள்ளி. அங்கே வாங்க அம்மாயிக்கு மனசு வராது. "இவன்கிட்ட கிலோவுக்கு அரை ரூவா ஜாஸ்தி" என்று தறிச் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பிச் சொல்லிவிட்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அரை ரூபாயா என்று தாத்தா விசாரித்ததே இல்லை. சிக்கனமான பொண்டாட்டி என்று அவருக்குப் பெருமை.

பட்டைக்கோவில் பக்கமாகக் கடைவீதிக்கு வந்து, ஆற்றைத் தாண்டி செவ்வாய்ப்பேட்டை. நடைதான். வழியில் கொலுசுக் கடை ஒவ்வொன்றின் முன்னாலும் நிற்போம், எதையும் வாங்கியதில்லை. பிறகு லீ பஜார். இங்கே அவளைப் பார்க்கவேண்டும் நீங்கள். வீட்டில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நிற்கிற பொம்பளை, மண்டிக்குள் நுழைந்ததும் வேறு ஆள். பருப்பு மூட்டையில் மேலாக இருப்பதைத் தொடமாட்டாள். முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவாள். உள்ளங்கையில் பரப்பி ஊதுவாள். இரண்டு பருப்பை முன்பல்லில் வைத்துக் கடிப்பாள். டக்கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு. நசுங்கினால் ஈரம் இருக்கிறது, தராசில் எடை கூடும், நாம் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். கலப்படத்துக்குப் போடுகிற கேசரிப் பருப்பு கலந்திருந்தால் தனியாகப் பொறுக்கி வைத்து, கடைக்காரரை நிமிர்ந்து பார்ப்பாள். வாயைத் திறக்கமாட்டாள். அவரே மூட்டையை மாற்றுவார். வெல்லத்தில் பளபளவென்று மஞ்சளாக இருப்பதை விரலாலும் தொடமாட்டாள். வெளுக்க ஹைட்ராஸ் என்கிற ரசாயனம் போட்டிருப்பார்கள், சர்க்கரை கலந்திருப்பார்கள். கருத்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதுதான் அவள் வெல்லம். உங்கள் அட்டவணையில் "வெல்லம், 1 கிலோ" என்று ஒரு வரிசை இருக்கிறதே, எந்த வெல்லம் என்று எழுதவில்லை.

மூன்று கடையில் விலை கேட்பாள், பெரும்பாலும் முதல் கடையிலேயே திரும்பி வந்து வாங்குவாள். எண்ணெய்க் கடைத் திண்ணையில், குகை என்கிற பேட்டையிலிருந்து வரும் அவள் சேத்தாளி, சிநேகிதி, காத்திருப்பாள். இருவரும் ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள். பேச ஆரம்பித்தால் முடியாது. மாமியார், மருமகள், யார் வீட்டில் தறி நின்றுபோனது, யார் பெண் யாரோடு போனாள், எல்லாம் ஓடும். எனக்குப் பாதி புரியாது. கிளம்பும்போது தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்குவோம். நீங்கள் சேலத்துக்காரர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம், ஒரு பக்கம் பச்சைச் சட்னி, ஒரு பக்கம் சிவப்புச் சட்னி. அம்மாயி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு தின்பாள். கிலோவுக்கு அரை ரூபாய் மிச்சம் பிடித்தது அத்தனையும் அங்கே தீர்ந்துவிடும். "தாத்தாகிட்ட சொல்லாத" என்று என் வாயைத் துடைத்துவிடுவாள்.

தாத்தாவுக்கு எக்செல் தெரிந்திருந்தால் அம்மாயி கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்துப் பெண்கள் "ஊர் சுற்றிவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வாசல் தாண்ட முடியாது. "சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன்" என்றால் என்ன அவசரம் என்பார்கள். "அங்கே விலை கம்மி" என்றால் மட்டும் யாரும் மறுக்கமாட்டார்கள், சபாஷ்கூடக் கிடைக்கும். சிக்கனம் அவர்கள் வெளியே போக வாங்கிய அனுமதிச் சீட்டு. உங்கள் அம்மா அதைத்தான் செய்கிறார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அவருக்கு உண்மையாகவே அந்த முந்நூறு ரூபாய் பெரிதாக இருக்கலாம். புருஷன் சம்பளத்தில் பிள்ளையைப் படிக்க வைத்த கைக்கு அது சீக்கிரம் விட்டுப்போகாது. ஆனால் நீங்கள் போட்ட கணக்கின் அர்த்தம் என்ன? "உனக்கு இனிமேல் வெளியே போகக் காரணம் இல்லை" என்பதுதான். பணம் மிச்சமாகவில்லை என்று நிரூபித்துவிட்டால் அப்புறம் என்ன சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டுவார்?

மனைவி சொன்னதைப் பெரிதாக எடுக்காதீர்கள். அவளுக்கு அக்கம்பக்கத்தார் கவலை, அது எல்லோருக்கும் உள்ளதுதான். அவள் அட்டவணை போடவில்லை. போட்டது நீங்கள். இதில் மாமியார் மருமகள் சண்டை எதுவும் கிடையாது, மகன் பார்த்த வேலை.

முழங்கால் விஷயம் மட்டும் நிஜம். அதற்கு அம்மாவை வீட்டில் உட்கார வைக்க வேண்டியதில்லை. அரிசி, எண்ணெய், கோதுமை மாவு, இந்தக் கனமான சாமான்களை நீங்கள் தெருமுனைக் கடையில் வாங்கிப் போட்டுவிடுங்கள். இரண்டு ரூபாய் கூட இருந்தால் இருக்கட்டும், அண்ணாச்சி பிழைக்கட்டும். பருப்பு, புளி, மிளகாய், வெல்லம், கடுகு, சீரகம் அம்மாவுக்கு. ஒரு கட்டைப்பையில் பாதிகூட வராது. திரும்பி வரும்போது ஆட்டோ பிடிக்கச் சொல்லுங்கள். சும்மா சொன்னால் கேட்கமாட்டார். "முந்நூறு மிச்சம் பிடிச்சீங்கல்ல, அதுலதான் இது" என்று சொல்லுங்கள், கேட்பார். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றால் அவர் என்ன பேசுவார், யாரிடம் பேசுவார்?

பேசாமல் இருந்த இரண்டு நாள் முடிந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. முடிந்திருக்கும், அம்மாக்களுக்கு அதற்கு மேல் தாங்காது. அந்த அட்டவணையை அழித்துவிடுங்கள். இல்லை, வைத்திருங்கள், ரேஷன் கடைக்கு ஒரு வரிசை சேர்த்து, லிட்டரைக் கிலோவாக்கி, பஸ் கட்டணத்தில் பூஜ்யம் போட்டு, நேரம் என்ற வரிசையை எடுத்துவிட்டு அம்மாவிடமே திருத்தக் கொடுங்கள். அவர் போடுகிற விலைகள் உங்களுடையதைவிடச் சரியாக இருக்கும்.

இன்னொன்று. மாசி, பங்குனியில் புதுப் புளி வந்துவிடும். கொட்டை எடுத்ததை உங்கள் அம்மா எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்குகிறார் என்று கேட்டு எழுதுங்கள். எங்கள் வீட்டுப் புளி அடியைத் தொட்டுவிட்டது.

அன்புடன்,
அக்கா