சூடு எங்கே மாட்டிக்கொண்டது?

வாசகர் கேள்வி – பதில்

சேலம் நாலு ரோடு பக்கம் 17 வருடமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தும் பழுது பார்த்தும் வருகிறேன். சித்திரை பிறந்துவிட்டால் கடைக்கு வருகிற மெஷின்களில் பாதி, "தானா ஆஃப் ஆகுதுங்க" என்றுதான் வரும். இந்த மாதக் கடிதங்களும் அதே ரகம். எல்லாமே பெரிய பிராசசர், வாட்டர் கூலர், பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் பற்றியவை. அதனால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஐ9-14900கே பிராசசர், 360 மி.மீ. வாட்டர் கூலர். ரெண்டர் போட்ட சில விநாடிகளிலேயே 100 டிகிரி காட்டுகிறது. மாட்டிக் கொடுத்த கடையில் "சேலம் வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். ஆனால் மார்கழியிலும் இப்படித்தான் இருந்தது. கூலரை மாற்றிவிடட்டுமா?
– வாசகர், அம்மாபேட்டை

மாற்ற வேண்டாம். மார்கழியிலும் இதே கதை என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. வெயில்தான் காரணமென்றால் குளிர்காலத்தில் வெப்பநிலை இறங்கியிருக்க வேண்டும், அல்லது 100ஐத் தொட நேரமாவது கூடியிருக்க வேண்டும்.

தண்ணீர் சூட்டைத் தின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சுமக்க மட்டும்தான் செய்யும். ஒரே கன அளவில் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு சூட்டைச் சுமக்கும், அதுதான் அதன் பலம். சுமந்ததை ரேடியேட்டர் வழியாக உங்கள் அறைக் காற்றில்தான் இறக்கி வைக்கிறது. இறக்கி வைக்கிற இடத்தில், அதாவது ரேடியேட்டரிலோ ஃபேனிலோ, கோளாறு என்றால் முதலில் தண்ணீர் மொத்தமும் சூடேற வேண்டும். அதற்குச் சில நிமிடங்களாவது ஆகும். வெப்பநிலை மெல்ல மெல்ல ஏறும். சில விநாடிகளில் 100 என்றால் சூடு தண்ணீரிடம் போய்ச் சேரவே இல்லை. அல்லது எந்தக் கூலரும் சமாளிக்க முடியாத அளவுக்குப் பிராசசர் மின்சாரம் இழுக்கிறது.

இரண்டாவதை முதலில் பாருங்கள், செலவில்லாத வேலை. இந்தப் பிராசசருக்கு இன்டெல் சொல்லும் உச்ச வரம்பு 253 வாட். சில மதர்போர்டுகள் அந்த வரம்பை எடுத்துவிட்டே வருகின்றன. அப்போது 300 வாட்டைத் தாண்டி இழுக்கும். மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் போய் 253 என்று வையுங்கள். கையோடு பயாஸையும் புதுப்பித்துவிடுங்கள். 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்களில் மின்னழுத்தம் எகிறிப் பிராசசரே பழுதாகும் பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டில் இன்டெல் திருத்தம் வெளியிட்டது. அது ஏறாத மெஷினில் ஒரு நாள்கூட ரெண்டர் போடாதீர்கள்.

அதன்பிறகும் அதே 100 என்றால், பம்ப் சுற்றும் வேகம் பயாஸில் தெரிகிறதா என்று பாருங்கள். சுற்றுகிறது என்றால் பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் பிளாக்கைக் கழற்றிப் பாருங்கள். போன வருடம் இதே புகாரோடு என்னிடம் வந்த மெஷினில், பிளாக்கின் செம்புத் தகட்டில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமலே இருந்தது. அதன் மேல் பேஸ்ட்டும் தடவி அழகாக முடுக்கியிருந்தார்கள். பாவம், அந்தப் பையன் ஆறு மாதமாக வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தான். தாள் இல்லையென்றால் பேஸ்ட்டின் தடத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கம் மெலிந்தும் மறுபக்கம் தடித்தும் இருந்தால் திருகுகள் சமமாக முடுக்கப்படவில்லை.

எல்லாம் சரியான பிறகும் முழு வேலையில் 90ஐ ஒட்டிப் போகும். அது இந்தப் பிராசசருக்கு இயல்பு, பதற வேண்டாம்.

கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். டிசைன் வரைய மகன் பெரிய கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறான். தெர்மல் பேஸ்ட்டில் வெள்ளி கலந்தது உண்டாமே? பட்டறையில் அராவின வெள்ளித் தூள் நிறைய இருக்கிறது. வாஸ்லினில் குழைத்துத் தடவலாமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேள்வியில் பாதி மிகச் சரி. சூட்டைக் கடத்துவதில் உலோகங்களில் வெள்ளிக்குத்தான் முதலிடம். செம்பை 400 என்று வைத்தால் வெள்ளி கிட்டத்தட்ட 430. வெள்ளி கலந்த பேஸ்ட்டும் கடையில் கிடைக்கிறது.

ஆனால் பேஸ்ட்டின் வேலை வேறு. பிராசசரின் மூடியும் கூலரின் தகடும் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். நுண்ணிய அளவில் பார்த்தால் இரண்டும் மேடு பள்ளம்தான். அந்தப் பள்ளங்களில் காற்று உட்கார்ந்துகொள்கிறது. அதே கணக்கில் காற்றின் மதிப்பு வெறும் 0.026! அந்தக் காற்றை வெளியே தள்ளிவிட்டு இடத்தை நிரப்புவதுதான் பேஸ்ட். நல்ல பேஸ்ட்டுக்கே மதிப்பு ஐந்திலிருந்து பத்து, பன்னிரண்டுக்குள்தான். செம்புக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. அதனால்தான் அந்தப் படலம் எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது.

பட்டறை வேலை தெரிந்த உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு துண்டுகள் ஒட்டி உட்கார்ந்தால்தானே பற்றவைப்பு நிற்கும்? இடைவெளி விட்டு, அதைப் பொடியால் நிரப்பிச் சமாளிக்க முடியுமா? இங்கேயும் அதே கதைதான். அராவின தூள் கைக்கு நைசாகத் தெரிந்தாலும் இதற்கு அது சரளைக்கல். ஒரு பருக்கை நடுவில் மாட்டினால் கூலரைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், சுற்றிலும் மறுபடி காற்று நிற்கும். வாஸ்லினும் சூட்டில் இளகி ஒழுகிவிடும். ஒழுகும்போது வெள்ளியையும் இழுத்துக்கொண்டு மதர்போர்டில் இறங்கினால் ஷார்ட் சர்க்யூட்தான். ஒரு சிரிஞ்ச் பேஸ்ட் சில நூறு ரூபாய். தூளை உருக்கிக் கொலுசாகவே செய்யுங்கள்.

உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒன்று சொல்கிறேன். இன்றைய பெரிய பிராசசர்களுக்குள்ளே, சிலிக்கானுக்கும் மேல்மூடிக்கும் நடுவில் பேஸ்ட் கிடையாது. இண்டியம் என்ற மெல்லிய உலோகத்தால் பற்றவைத்திருக்கிறார்கள். உங்கள் தொழில்தான் அங்கேயும் நடக்கிறது.

ரைசன் 9 7950எக்ஸ் வாங்கியிருக்கிறேன். பேஸ்ட்டை நடுவில் பொட்டு வைப்பதா, பெருக்கல் குறி போடுவதா, முழுக்கத் தேய்ப்பதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அப்புறம், இது 95 டிகிரி போவது சரியா?
– கல்லூரி மாணவர், கருப்பூர்

தம்பி, வடிவத்துக்காகச் சண்டை போட வேண்டாம். பேஸ்ட்டைப் பரப்புவது கூலரின் அழுத்தம்தான், உங்கள் விரல் இல்லை. நடுவில் ஒரு பட்டாணி அளவு, நான்கு மூலைகளுக்குள்ளே மிளகளவு ஒவ்வொன்று. போதும். கொஞ்சம் கூடினால் ஓரத்தில் பிதுங்கும், அவ்வளவுதான், குறைந்தால்தான் கெடுதல். உங்கள் பிராசசரின் மூடியில் ஓரங்கள் வெட்டுப்பட்டு, அங்கே குட்டிக் குட்டிக் கெப்பாசிட்டர்கள் தெரியும். மின்சாரம் கடத்தாத பேஸ்ட் அதில் வழிந்தால் பாதகமில்லை. பேஸ்ட்டுக்குப் பதிலாகத் தடவும் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) பக்கம் மட்டும் போகாதீர்கள். அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தில் பட்டால் அதை அரித்தும்விடும்.

பழைய பேஸ்ட் இருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுப் பஞ்சு பிரியாத துணியால் துடையுங்கள். திருகுகளை எதிரெதிர் மூலையாக, இரண்டிரண்டு சுற்றாக முடுக்குங்கள்.

கழற்றும்போதும் பொறுமை வேண்டும். பிராசசரின் அடியிலேயே பின்கள் இருக்கும் பழைய ஏ.எம்.4 சாக்கெட் ரைசன் ஒன்றில் பேஸ்ட் காரை மாதிரி இறுகியிருந்தது. நான் கூலரை நேராகத் தூக்கிவிட்டேன். சாக்கெட்டிலிருந்து பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்தது, பத்துப் பன்னிரண்டு பின்கள் வளைந்துபோயின. மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஒவ்வொரு பின்னிலும் நுழைத்து நிமிர்த்த இரண்டு மணி நேரம் ஆனது. அது ஒரு ஸ்டுடியோக்காரரின் பிழைப்பு. அன்று என் கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போதெல்லாம் பத்து நிமிடம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் ஆஃப் செய்து, கூலரை இடம் வலமாக மெல்லத் திருப்பிவிட்டுத்தான் தூக்குகிறேன். உங்கள் ஏ.எம்.5இல் பின்கள் சாக்கெட்டில் இருப்பதால் பிடுங்கி வராது. ஆனால் சாக்கெட்டுக்குள் எதையும் தவறவிட்டுவிடாதீர்கள்.

95 டிகிரி ஏ.எம்.டி.யே வைத்த எல்லை. அதுவரை போய் அங்கேயே நின்று வேலை செய்யும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். இருந்தாலும் மே மாதத்தில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் நானே அதை அப்படி ஓட்ட மாட்டேன். பயாஸில் ஈகோ மோட் இருக்கிறது, 170 வாட்டை 105 ஆக்குங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாகவே குறையும்.

ஏற்காட்டில் வீட்டிலிருந்து கட்டட வரைபட வேலை செய்கிறேன். இங்கே பனி அறைக்குள்ளேயே வரும். வாட்டர் கூலர் வைத்தால் குழாயில் நீர் கோத்து மதர்போர்டில் சொட்டுமா?
– வாசகி, ஏற்காடு

சொட்டாது அம்மா. தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த பொருளில்தான் நீர் கோக்கும். சாதாரண வாட்டர் கூலரால் அறையின் வெப்பநிலைக்குக் கீழே போகவே முடியாது. ஓடும்போது குழாய் எப்போதும் அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஐஸ் கட்டி போடுவது, குளிரூட்டும் கருவியை இணைப்பது போன்ற சோதனைகள்தான் ஆபத்து. கவனிக்க வேண்டியது காலை நேரத்தை: இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கேபினெட்டில், ஜன்னலைத் திறந்ததும் ஈரக்காற்று பட்டு நீர் கோக்கலாம். ஜன்னலைச் சாத்தி அரை மணி கழித்து ஆன் செய்யுங்கள்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று சேலத்தைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிதாக இருக்கும், ஃபேனுக்கு அது சின்ன நஷ்டம்தான். ஆனால் உங்கள் அறை எங்கள் அறையைவிட எட்டுப் பத்து டிகிரி குளிர்ச்சி. பிராசசரும் அதே அளவு குளிர்ச்சியாக ஓடும். உண்மையில் உங்களுக்கு நல்ல ஏர் கூலரே போதும்.

மூன்று வருட வாட்டர் கூலரில் கடகடவென்று சத்தம் வருகிறது. திறந்து ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா?
– வாசகர், ஓமலூர்

கூடாது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு முழுதாகப் போய்விடுவதில்லை. உள்ளே செம்பும் அலுமினியமும் சேர்ந்திருக்கும், அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த திரவத்தை நம்பித்தான் அது ஓடுகிறது. அந்தச் சத்தம் காற்றுக் குமிழி பம்ப்புக்குள் போவதால் வரலாம். ரப்பர் குழாய் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரவம் ஆவியாகி, அந்த இடத்தில் காற்று சேரும். ரேடியேட்டரின் மேல்முனையைவிடப் பம்ப் உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரேடியேட்டரைக் கேபினெட்டின் மேல்பக்கம் மாற்றுங்கள், காற்று அங்கே போய்த் தங்கிவிடும். அப்படியும் சத்தம் நிற்காவிட்டால் எதையும் திறக்காமல் முதலில் பில்லைத் தேடி எடுங்கள். நல்ல கூலர்களுக்கு ஐந்து, ஆறு வருட வாரண்டி உண்டு. ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திறந்தால் அது போய்விடும்.