ஒரு நாற்காலி காலியானால் என்ன ஆகும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க நீதிபதி நியமனங்களைப் பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சட்டம் போடுவது காங்கிரஸ். நீதிபதி அதைப் படித்துத் தீர்ப்பு சொல்கிறார். அவரை யார் நியமித்தால் என்ன?

அந்தப் படிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் ‘அமெரிக்காவின் நீர்நிலைகளை’க் காக்கச் சொல்கிறது. ஆறு, ஏரி, சரி. ஏரிக்குப் பக்கத்தில், நடுவே ஒரு சாலை குறுக்கிடுகிற சதுப்பு நிலம்? 2006இல் உச்ச நீதிமன்றத்தில் ராபனோஸ் வழக்கில் இந்தப் பக்கம் நான்கு பேர், அந்தப் பக்கம் நான்கு பேர், நடுவில் நீதிபதி கென்னடி மட்டும் தனியாக நின்று, பெரிய நீர்நிலையோடு குறிப்பிடத்தக்க தொடர்பு இருந்தால் போதும் என்றார். கீழ் நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் அந்த ஒரு மனிதரின் அளவுகோலை வைத்துத்தான் அளந்தன. 2018இல் அவர் ஓய்வு பெற்றார். 2023 மே மாதம் சாக்கெட் வழக்கில், மேற்பரப்பில் தண்ணீர் இடைவிடாமல் சேர்ந்திருந்தால்தான் பாதுகாப்பு என்று 5-4 கணக்கில் அளவுகோலே மாறிவிட்டது. சட்டத்தின் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது.

ஒரே ஒரு நியமனத்தை வைத்து இவ்வளவு சத்தம் போடுவது மிகையில்லையா?

2016ஐப் பாருங்கள். பிப்ரவரி 9ஆம் தேதி, மின் நிலையங்களின் கரிம உமிழ்வைக் குறைக்க ஒபாமா அரசு கொண்டுவந்த திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 5-4இல் தடை போட்டது. அந்த ஐவரில் ஒருவரான ஸ்காலியா நான்கே நாளில் இறந்துபோனார். தடை போட ஐந்து பேர் வேண்டும், ஆக மனு ஒரு வாரம் தள்ளி வந்திருந்தால் 4-4 ஆகித் தடையே கிடைத்திருக்காது. அதே ஆண்டு ஆகஸ்டில் இதற்கு நேர் எதிரான காட்சி. வட கரோலினா மாநிலத்தின் தேர்தல் சட்டம் கறுப்பின வாக்காளர்களைத் துல்லியமாகக் குறிவைக்கிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அந்தத் தீர்ப்பை நிறுத்திவைக்கச் சொல்லி மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பெரும்பகுதியில் நீதிபதிகள் 4-4 எனப் பிரிந்ததால் கோரிக்கை விழுந்தது. காலியாக இருந்தது ஒரே நாற்காலி, அது சுற்றுச்சூழலையும் தொட்டது, வாக்குரிமையையும் தொட்டது.

அந்த இடத்துக்கு ஒபாமா மார்ச்சில் மெரிக் கார்லண்டைப் பரிந்துரைத்தார். அதிபர் பரிந்துரைக்கும் நீதிபதியை உறுதி செய்ய வேண்டிய மேலவையான செனட், அப்போது குடியரசுக் கட்சி வசமிருந்தது, இது தேர்தல் ஆண்டு என்று சொல்லி விசாரணைக்கே எடுக்கவில்லை. 2017 ஏப்ரலில் டிரம்ப் பரிந்துரைத்த கோர்சச் வந்து உட்கார்ந்தார். 2020 செப்டம்பரில் கின்ஸ்பர்க் இறந்தபோதும் தேர்தல் ஆண்டுதான், ஆனால் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு அதே கட்சியின் செனட் ஏமி பேரட்டை 52-48இல் உறுதி செய்தது. (வெட்கம் என்பதை செனட் விதிப்புத்தகத்தில் தேடாதீர்கள்.) ஒபாமாவின் அந்த மின் நிலையத் திட்டம் அதற்குள் கைவிடப்பட்டிருந்தாலும், அப்படி ஒன்றைப் போட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு அதிகாரமே இல்லை என்று 2022 ஜூனில் 6-3இல் தீர்ப்பு வந்தது.

வாக்குரிமையையும் காற்று, தண்ணீரையும் ஏன் ஒன்றாக முடிச்சுப் போடுகிறீர்கள்?

நீதிபதியை உறுதி செய்வது செனட், செனட்டைத் தேர்ந்தெடுப்பது வாக்காளர், அந்த வாக்காளர் எவ்வளவு சிரமப்பட்டு வாக்களிக்க வேண்டும் என்று முடிவு செய்வது மறுபடியும் நீதிபதி. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டப்படி, பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றும் முன் மத்திய அரசிடம் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. 2006இல் செனட் 98-0 என்று ஒருமனதாக அதைப் புதுப்பித்தது. 2013 ஜூனில் ஷெல்பி கவுண்டி வழக்கில், எந்தெந்த மாநிலம் என்று குறிக்கும் பிரிவை ஐந்து நீதிபதிகள் செல்லாது என்றார்கள், அன்றைக்கே டெக்ஸாஸ் அதுவரை முடங்கிக் கிடந்த வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தது. 98 பேர் போட்ட ஓட்டு, ஐந்து பேர்.

அப்போ நியமித்த கட்சி சொன்னபடிதான் தீர்ப்பா?

இல்லை, இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சாக்கெட் வழக்கில் அந்தக் குறுகிய அளவுகோலை எதிர்த்த நால்வரில் டிரம்ப் நியமித்த காவனாவும் ஒருவர். அடுத்த மாதமே அலபாமா வழக்கில் அவரும் தலைமை நீதிபதி ராபர்ட்ஸும் மற்ற மூவரோடு சேர, ஏழு தொகுதிகளில் ஒன்றில் மட்டும் கறுப்பின மக்களுக்குப் பெரும்பான்மை தந்த காங்கிரஸ் தொகுதி வரைபடம் விழுந்தது. அதனால் போட்ட புதிய வரைபடத்தில் 2024இல் இரண்டாவதாக ஒரு கறுப்பினப் பிரதிநிதி ஜெயித்தார். ஆள் கட்சிக்காரர் என்பதைவிட, சட்டத்தை எப்படிப் படிக்கிறவர் என்று பார்த்துப் பொறுக்கி எடுக்கிறார்கள், பெரும்பாலும் கணக்கு சரியாக வருகிறது, சில நேரம் பிசகுகிறது.

நம் ஊரில் கொலீஜியம் இருக்கிறதே, அந்தத் தொல்லை இல்லைதானே?

செனட் சண்டை இல்லை, உண்மை. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்க அரசு கொண்டுவந்த நியமன ஆணையத்தை 2015இல் 4-1இல் ரத்து செய்து நீதிபதிகளே நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் முறையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனால் இங்கே வழக்கு எந்த அமர்வுக்குப் போகிறது என்பது பெரிய கேள்வி. 1996இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் சட்டத்தின் பகுதியாக்கிய அதே உச்ச நீதிமன்றம்தான், 2025 மே மாதம் திட்டம் தொடங்கிய பிறகு கொடுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கூடாது என்று சொல்லி, நவம்பரில் 2-1 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. நவம்பரில் மாறுபட்டு எழுதிய ஒருவர், மே மாத அமர்விலும் இருந்தவர்.