கண்ணை மூடினால் இருட்டுதான்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கதைப் புத்தகம் கையில் இருந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். போன வாரம், "படிக்கிறப்போ உனக்கு மனசுக்குள்ள படம் ஓடுமாம்மா? எனக்கு ஒண்ணுமே தெரியாதே" என்றாள். எனக்கோ ஒவ்வொரு வரியும் சினிமா போல ஓடும். மூளையில் ஏதாவது கோளாறா? டாக்டரிடம் காட்டவா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் சகோதரி. உங்கள் மகளைப் போலத்தான் நானும்.

திருநெல்வேலியில் எங்கள் ஆச்சி திண்ணையில் கதை சொல்லும்போது, "கண்ணை மூடிப் பாருட்டி, ராசா குதிரையில வாரான்" என்பாள். மூடுவேன், இருட்டாக இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான், அது சும்மா பேச்சு வழக்கு என்று நினைத்திருந்தேன். பிறகு கல்லூரியில் உளவியல் நடத்தும்போது, உளவியலாளர் டேவிட் மார்க்ஸ் 1973-இல் வெளியிட்ட வினாத்தாளை மாணவிகளுக்குக் கொடுத்தேன். நெருங்கியவர் முகம், உதிக்கும் சூரியன், அடிக்கடி போகும் கடை என்று 16 கேள்விகள். மனத்தில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று எண் போட வேண்டும். நானும் போட்டேன். பதினாறுக்கும் "படம் ஏதுமில்லை". பெண்களோ முகத்தின் மச்சம் வரை சொன்னார்கள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

எழுத்தைச் சொல்லாக அடையாளம் காண்பதில் மூளையின் இடப்பக்கக் கீழ்ப்பகுதிக்குப் பெரிய பங்கு. சொல்லுக்குப் பொருள் கிடைத்ததும் அதோடு ஒட்டிய நினைவுகள் எழும். "அரசமரத்தடிப் பிள்ளையார்" என்று படித்தால் உங்கள் முன் வந்து உட்காருபவர், பெரும்பாலும் உங்கள் தெருப் பிள்ளையார்தான். நேரில் பார்க்கும்போது செய்தி கண்ணிலிருந்து பின்மண்டைக்குப் போய், அங்கிருந்து முன்னே வரும். மனத்தில் பார்க்கும்போது வழி தலைகீழ்: நினைவிலிருந்து கிளம்பி பின்மண்டையின் பார்வைப் பகுதிக்கு இறங்கும். அந்த இறக்கம் சிலருக்கு ஆற்று வெள்ளம், சிலருக்குக் கசிவு, எனக்கு அதுவும் இல்லை.

நாம் கேட்காமலே மூளை இதைச் செய்வதுதான் அதிசயம். 2002-இல் வெளியான ஒரு சோதனையில் கழுகு வானத்தில் இருப்பதாக ஒரு வாக்கியம், கூட்டில் இருப்பதாக இன்னொன்று. இரண்டிலும் இறக்கை பற்றிப் பேச்சே இல்லை. ஆனாலும் வானத்துக் கழுகைப் படித்தவர்கள் இறக்கை விரித்த படத்தைச் சீக்கிரம் அடையாளம் கண்டார்கள்.

படமே வராதவர்கள் உண்டு என்பதை 1880-இலேயே ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் எழுதிவிட்டார். 'காலையில் உட்கார்ந்து சாப்பிட்ட மேசையை நினைத்துப் பாருங்கள்' என்று அவர் முதலில் கேட்ட விஞ்ஞானிகளில் பெரும்பாலோர், அப்படி எதுவும் தெரியாது என்றார்கள். நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமன் குழுவினர் 2015-இல்தான் இதற்கு 'அஃபேன்டேசியா' என்று பெயரிட்டார்கள். ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கலாம் என்கிறார்கள். இது சோம்பலோ கவனக்குறைவோ இல்லை. 2021-இல் சிட்னி ஆய்வாளர்கள் இருட்டறையில் திகில் கதையைப் படிக்கவைத்து, தோலில் வியர்வை கூடுகிறதா என்று அளந்தார்கள். மற்றவர்களுக்குக் கூடியது, எங்களைப் போன்றவர்களுக்கு அசையவே இல்லை. பயங்கரமான புகைப்படங்களைக் காட்டியபோதோ எல்லாருக்கும் கூடியது.

அப்படியானால் நான் எதைப் படிக்கிறேன்? குரலை. மூன்று பக்கம் மலை வர்ணனை வந்தால் புரட்டிவிடுவேன். ஆனால் அடுப்படியில் ஒரு மருமகள் அடக்கிக்கொண்ட ஒரு சொல், ஒரு வாரம் என்னைத் தூங்கவிடாது. உங்கள் மகளிடமும் கேளுங்கள், அவளுக்குக் கதை எந்த வழியாக வருகிறதென்று. 'கற்பனை செய்து எழுது' என்றால் திணறுகிறாளா? தொட்டதை, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். முன்பு வந்த படம் யாருக்காவது திடீரென்று நின்றுபோனால் மட்டும் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

என் அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவள் வெற்றிலை மடிக்கும் விதம், செருமல், கோபத்தில் பேசாமல் பாத்திரம் வைக்கும் சத்தம் எல்லாம் எனக்குத் தெரியும். முகம் மட்டும் வராது. அதனால் அவள் படம் என் மேசைமேல் இருக்கிறது. உங்கள் மகள் வெளியூரில் விடுதிக்குப் போகும் நாளில், வீட்டில் எல்லாரும் இருக்கும் புகைப்படம் ஒன்றைப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.