செவ்வாய்ப் பயணத்துக்கு மனிதர்களைத் தரையிலேயே பழக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும், ஆனால் உடலைவிட மனத்தைப் பழக்குவதே கடினம் என்று நினைக்கிறேன். மாஸ்கோவில் நடந்த 'மார்ஸ்-500' சோதனையில், ரஷ்யர் மூவர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், சீனர் ஆகிய ஆறு ஆண்கள் 2010 ஜூன் 3 அன்று தரையில் அமைந்த சன்னலற்ற மாதிரிக் கலத்துக்குள் நுழைந்து, 520 நாள்கள் கழித்து 2011 நவம்பர் 4 அன்றுதான் வெளியே வந்தனர். செவ்வாயிலிருந்து ஒரு செய்தி பூமியை அடைய, கோள்களின் இருப்பைப் பொறுத்து ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும் என்பதால், வெளியிலிருந்த கட்டுப்பாட்டுக் குழுவுடனான அவர்களுடைய உரையாடலிலும் செயற்கையாகத் தாமதம் புகுத்தப்பட்டது. சண்டை மூளும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். இயற்கையான பகலும் இரவும் இல்லாத அந்த அடைப்பில் பெரும்பாலோரின் தூக்கம் கெட்டதும், நாளாக ஆக அவர்களின் உடலசைவு குறைந்ததுமே ஆய்வாளர்களைக் கவலைப்படுத்தின. பின்னர் ஹூஸ்டனில் நாசா நடத்திய, 2024 ஜூலையில் முடிந்த சோதனையில் நால்வர் 378 நாள்கள் அடைந்து கிடந்தனர்.

எனினும், எடையின்மையை இத்தகைய கூடங்களில் உருவாக்க இயலாது. அதற்கு விண்வெளி நிலையமே பயிற்சிக்களம். ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தில் 1994-95இல் தொடர்ச்சியாக 437 நாள்கள் தங்கிய மருத்துவர் வலேரி பொல்யாகோவ், தரையிறங்கியதும் தாமாகவே சிறிது தூரம் நடந்து காட்டினார்.