நாட்டுத் துப்பாக்கியில் ஒரு முறை சுட்டபின் மறுபடி சுட ஏன் அவ்வளவு நேரமாகிறது?

தோட்டாவைப் பின்பக்கம் செருகாமல், குழலின் வாய் வழியாகவே கரிமருந்து, அடைப்பு, ஈயக்குண்டு என ஒவ்வொன்றாக இட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் துப்பாக்கி இது. ஒவ்வொரு வெடிக்கும் இத்தனையும் முதலிலிருந்து. கோயில் திருவிழா அதிர்வேட்டைப் போலத்தான்: அடைப்பு இறுகினால்தான் உள்ளே எரியும் மருந்தின் காற்று திமிறித் தள்ளும், தளர்ந்தால் வெறும் ‘புஸ்’.

பண்ருட்டி முந்திரித்தோப்பில், 1960களில், சிறுவனாக முயலுக்குக் குறிவைத்த என் தாத்தாவின் முதல் வெடி அப்படித்தான் போனது. கரிமருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அன்று ஐப்பசி மழை வேறு. வெண்புகை விலகியபோது முயலைக் காணவில்லை. அடைப்புத் துணி மட்டும் நாலடி தள்ளிப் புகைந்துகொண்டு கிடந்ததாம். மறுபடி கெட்டிப்பதற்குள் முயல் நெல்லிக்குப்பமே போயிருக்கும்!

நாட்டுத் துப்பாக்கிதானே, உரிமம் எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள்; 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இதற்கும் உரிமம் வேண்டும், காட்டு முயலைச் சுடுவதோ உரிமம் இருந்தாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.