கையைக் கழுவினால் போதாதா? மருத்துவமனையில் செல்போனையும் ஏன் துடைக்கச் சொல்கிறார்கள்?

மருத்துவமனைக்கு வந்த இடத்தில் நோயாளிக்குப் புதிதாக ஒரு தொற்று ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பதுதான் தொற்றுக் கட்டுப்பாடு. அதற்கு அடிப்படை கை சுத்தம். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டில் பரிசோதனைக்கு முன் கைகளைக் குளோரின் கரைசலில் கழுவ வைத்தார்; தாய்மார்களின் இறப்பு மளமளவெனக் குறைந்தது. அவர் காலத்தில் செல்போன் இல்லை, அவ்வளவுதான்.

கழுவிய கையால் போனைத் தொட்டால், முன்பு அழுக்குக் கையிலிருந்து அதில் ஏறியது திரும்பக் கைக்கே வரும். குளித்துவிட்டுப் பழைய அழுக்குச் சட்டையையே மாட்டிக்கொள்வது போல. ஸ்டெபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா உலர்ந்த பரப்பில் நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். போன் உறையின் ஓரமும் பொத்தான் இடுக்கும் துடைக்கும்போது விட்டுப்போகிற இடங்கள்.

துடைக்க, 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துடைதாள் பெரும்பாலும் போதும். 100% இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. அது சட்டென ஆவியாகிவிடும். கிருமியின் புரதத்தைச் சிதைக்கக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். துடைத்தபின் தானாக உலர விடுங்கள். போன் பளபளத்தாலும், நோயாளியைத் தொடும் முன் கையைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும்.

"கையுறை போட்டிருக்கிறேனே, போனை எடுத்தால் என்ன?" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கையுறை, அதைப் போட்டவரின் தோலைத்தான் காக்கும்; அதன் வெளிப்பக்கம் வெறுங்கையைப் போலவே கிருமியைச் சுமந்து போகும்.